உதவிப் புத்தகத்துக்கும் பூட்டா?

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நூற்பாலையில் நடந்த சம்பவம் இது. இரவு ஷிப்டு. கோன் வைண்டிங் யந்திரம் ஒன்று திடீரென்று நின்றுவிட்டது. அதன் முகப்பில் ஒரு எண் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்? எந்தப் பாகத்தில் கோளாறு? யந்திரத்தோடு வந்த புத்தகத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

முன்காலமாக இருந்தால் பிட்டர் தன் அலமாரியைத் திறந்து, எண்ணெய்க் கறை படிந்து முதுகு கிழிந்த அந்தத் தடித்த புத்தகத்தை எடுத்துப் புரட்டியிருப்பார். இப்போது புத்தகம் காகிதத்தில் இல்லை, கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. அதை ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருந்தார்கள். ஷெட்டில் இருந்த கம்ப்யூட்டரிலிருந்து, ஆலைக்குள் ஓடும் இணைப்புக் கம்பி வழியாக, பிட்டர் அதைத் திறந்தார். திறந்தது. இடது பக்கம் பொருளடக்கம் வரிசையாக வந்து நின்றது. ஒரு தலைப்பை அமுக்கினார். வலது பக்கம் வெறுமை! பக்கத்துக்குப் போவது ரத்து செய்யப்பட்டது என்று இங்கிலீஷில் ஒரே ஒரு வரி. இன்னொரு தலைப்பை அமுக்கினார். அதே வெறுமை.

யந்திரக் கம்பெனியின் இன்ஜினியர் மறுநாள் மாலை வந்தார். வந்தவர் கால் மணி நேரத்தில் யந்திரத்தை ஓட வைத்துவிட்டார். அதுவரை அந்த யந்திரத்து ஆட்களுக்கு வேலை இல்லை. வேலை இல்லாததால் கூலியும் இல்லை.

பிறகு ஒருநாள் அந்த பிட்டர் என்னிடம் கேட்டார்: "தோழரே, புத்தகம் இருக்கிறது, பொருளடக்கமும் இருக்கிறது, உள்ளே எழுத்தை மட்டும் காணோம். அதை எவன் தின்றான்?"

நியாயமான கேள்வி. "கம்ப்யூட்டர் கோளாறு" என்று சொல்லித் தோளைத் தட்டி அனுப்பிவிடக் கூடாத கேள்வி. எழுத்தைத் தின்றவன் யார், ஏன் தின்றான், அதற்கும் கூலி இழந்த தொழிலாளிக்கும் என்ன சம்பந்தம் என்பதைப் பார்ப்போம்.

புத்தகம் பெட்டிக்குள் போன கதை

அமெரிக்காவில் ரெட்மண்ட் என்ற ஊரைத் தலைமையிடமாகக் கொண்டது மைக்ரோசாப்ட் கம்பெனி. உலகத்தில் பெரும்பாலான மேசைக் கம்ப்யூட்டர்களை ஓட்டுவது அதன் விண்டோஸ் என்ற சாப்ட்வேர். 1990 மே மாதம் விண்டோஸ் 3.0 வெளிவந்தபோது, அதோடு உதவிப் புத்தகம் காட்டும் ஏற்பாடு ஒன்றும் வந்தது. விசைப்பலகையில் 'எப் 1' என்ற விசையை அமுக்கினால் புத்தகம் திரையில் விரியும். இந்தப் புத்தகங்களின் பைல் பெயர் எச், எல், பி என்ற மூன்று எழுத்துகளில் முடியும்.

வசதி நல்ல வசதிதான். ஆனால் ஒரு சங்கதி. எழுதுபவர் சாதாரண எழுத்தில் எழுதிக் கொடுப்பார். அதை ஒரு கருவியில் போட்டு அரைத்து ஒரே பைலாக ஆக்குவார்கள். அந்தப் பைலின் உள்ளமைப்பு என்ன, எந்த எழுத்து எங்கே எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்ற இலக்கணத்தை கம்பெனி வெளியிடவில்லை. எனவே அதைப் பிரித்துக் காட்டும் சாப்ட்வேர் அந்தக் கம்பெனியிடம்தான் உண்டு. விண்டோஸ் உள்ளவன் படிக்கலாம். வேறு கம்ப்யூட்டர் வைத்திருப்பவன் படிக்க முடியாது.

1997ல் இதற்கு ஒரு தம்பி பிறந்தான். அதுதான் நம்முடைய பிட்டர் திறந்து பார்த்த பைல். பெயரின் முடிவில் சி, எச், எம் என்று இருக்கும். 1998ல் வந்த விண்டோஸ் 98 தன் சொந்த உதவிப் புத்தகத்தையே இந்த வடிவத்தில் கொண்டுவந்தது. அதைப் பார்த்து, உலகெங்கும் சாப்ட்வேர் எழுதுவோரும் யந்திரம் செய்வோரும் தங்கள் புத்தகங்களை இதற்குள் கட்டத் தொடங்கினார்கள். இத்தகைய பைல்கள் இன்றும் ஆலைகளிலும் ஆபீஸ்களிலும் பழைய சி.டி.க்களிலும் குவிந்து கிடக்கின்றன.

பொதுச் சொத்து, தனிப் பூட்டு

இந்தப் பெட்டிக்குள் இருக்கும் சரக்கு என்ன? அதைத் தெரிந்துகொண்டால் சூட்சுமம் விளங்கிவிடும்.

இன்டர்நெட்டில் நாம் பார்க்கும் பக்கங்கள் எச்.டி.எம்.எல். என்ற முறையில் எழுதப்படுகின்றன. இதை உருவாக்கியவர் டிம் பெர்னர்ஸ்-லீ. ஜெனிவாவுக்கு அருகே உள்ள செர்ன் என்ற ஆராய்ச்சி நிலையத்தில் அவர் ஊழியராக இருந்தபோது ஆக்கியது. பல நாட்டு மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் நிலையம் அது. 1993 ஏப்ரல் 30ந் தேதி அந்த நிலையம் ஒரு அறிவிப்புச் செய்தது: இந்த இணைய வலைக்கான சாப்ட்வேரை நாங்கள் பொதுவில் விடுகிறோம், யாரும் பயன்படுத்தலாம், காசு கொடுக்கவேண்டாம் என்றது. ஊர்ப் பொதுக் கிணறு மாதிரி. யாரும் இறைக்கலாம், யாரும் குடிக்கலாம்.

எச்.டி.எம்.எல். பக்கம் என்பது வெறும் எழுத்து. எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும். எந்த நாட்டுச் சாப்ட்வேரும் காட்டும். பத்து வருடம் கழித்துத் திறந்தாலும் எழுத்து எழுத்தாகவே இருக்கும்.

மைக்ரோசாப்ட் என்ன செய்தது? அந்தப் பொதுக் கிணற்றுத் தண்ணீரை எடுத்தது. பல எச்.டி.எம்.எல். பக்கங்கள், படங்கள், ஒரு பொருளடக்கம், ஒரு சொல்லடைவு, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, எல்.இசட்.எக்ஸ். என்ற முறையில் சுருக்கி, ஒரே பெட்டியாகக் கட்டியது. சுருக்கும் அந்த முறையும் அதன் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. ஜொனாதன் போர்ப்ஸ், டோமி பூட்டானன் என்ற இருவர் 1995ல் அமிகா என்ற வேறொரு கம்ப்யூட்டருக்காக ஆக்கியது. சரக்கு பொதுச் சரக்கு, கட்டும் கயிறு இரண்டு பேருடைய உழைப்பு, உள்ளே இருக்கும் புத்தகம் யாரோ ஒரு எழுத்தாளன் இரவு பகலாக உட்கார்ந்து எழுதியது. கம்பெனி போட்டது பூட்டு ஒன்றுதான்!

பெட்டி கட்டியதே குற்றம் என்று நாம் சொல்லவில்லை. நூறு பக்கங்களை நூறு பைல்களாகச் சிதறவிடுவதைவிட ஒரே பைலாகக் கட்டுவது நல்லது. இடம் மிச்சம், தேடுவது சுலபம். ஆனால் கட்டுவதற்கு ரகசியம் எதற்கு? பைல்களைச் சுருக்கிக் கட்டும் 'ஜிப்' என்ற முறை 1989ல் வந்தது. அதை ஆக்கியவர்கள் அதன் இலக்கணத்தை எழுதி வெளியிட்டார்கள். இன்று எல்லாக் கம்ப்யூட்டரும், கையிலுள்ள போனும் அதைத் திறக்கிறது. மின்புத்தகங்களுக்கான 'இபப்' என்ற வடிவம் 2007ல் வந்தது. அதுவும் இதே எச்.டி.எம்.எல். பக்கங்களை ஜிப்பில் கட்டியதுதான். அதன் இலக்கணமும் பகிரங்கம். ஆகவே பூட்டு, கட்டுவதற்குத் தேவைப்பட்டதல்ல, வியாபாரத்துக்குத் தேவைப்பட்டது.

என்ன வியாபாரம்? சி.எச்.எம். புத்தகத்தைத் திறக்கவேண்டுமானால் மைக்ரோசாப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் கம்ப்யூட்டரில் இருந்தாகவேண்டும். புத்தகத்தைக் காட்டுவது அதன் உறுப்புகள்தான். அந்த வருடங்களில்தான் அக்கம்பெனி, போட்டிக்கு நின்ற நெட்ஸ்கேப் என்ற கம்பெனியை மடக்குவதற்காக எக்ஸ்ப்ளோரரை எல்லார் கம்ப்யூட்டரிலும் திணித்துக்கொண்டிருந்தது. 1999 நவம்பரில் அமெரிக்க நீதிமன்றமே, கம்ப்யூட்டரை ஓட்டும் சாப்ட்வேரில் அக்கம்பெனி ஏகபோக அதிகாரம் வைத்திருக்கிறது என்று கண்டறிந்து எழுதிற்று. ஒரு சாப்ட்வேர் கம்பெனி தன் புத்தகத்தை சி.எச்.எம்.மில் கட்டினால் என்ன ஆகும்? அதன் வாடிக்கையாளன் ஒவ்வொருவனும் எக்ஸ்ப்ளோரரை வைத்துக்கொண்டாகவேண்டும். உதவிப் புத்தகமே ஏகபோகத்துக்குத் தரகுவேலை பார்த்தது!

சாவிக்காரனின் தயவு

பூட்டியவன் சாவியை ஒழுங்காகவாவது வைத்திருந்தானா? அந்த லட்சணத்தையும் பாருங்கள்.

முதலில், எச்.எல்.பி. புத்தகங்கள். 2007 ஜனவரியில் விண்டோஸ் விஸ்டா கடைக்கு வந்தபோது, அவற்றைத் திறக்கும் சாப்ட்வேரை அதில் வைக்காமல் விட்டார்கள். வேண்டுமானால் தனியாக இறக்கிக்கொள்ளலாம் என்றார்கள். ஆனால் மற்ற சாப்ட்வேர் கம்பெனிகள் தங்கள் சரக்கோடு அதைச் சேர்த்துக் கொடுக்கக்கூடாது என்று தடையும் போட்டார்கள். 2015ல் விண்டோஸ் 10 வந்தது. அதற்கு, இறக்கிக்கொள்ளும் அந்த வசதியையும் தரவில்லை. பதினைந்து இருபது வருடமாக எழுதிச் சேர்த்த புத்தகங்கள் ஊமையாகிவிட்டன. தொண்ணூறுகளில் வாங்கிய யந்திரம் இன்னும் ஓடுகிறது. தொழிலாளி எண்ணெய் போட்டு, பாகம் மாற்றி, அதை ஓட்டிக்கொண்டிருக்கிறான். அதன் புத்தகம் மட்டும் செத்துவிட்டது.

சி.எச்.எம்.முக்கு வேறு சங்கடம். இந்தப் புத்தகப் பக்கத்துக்குள் கம்ப்யூட்டருக்குக் கட்டளை இடும் சக்தியையும் சேர்த்து வைத்திருந்தார்கள். புத்தகம் படிக்க வந்தவனுடைய வீட்டு அடுப்பைப் பற்றவைக்கும் அதிகாரம் புத்தகத்துக்கு எதற்கு? போக்கிரிகள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். உதவிப் புத்தகம் என்ற வேஷத்தில் கம்ப்யூட்டரைக் கெடுக்கும் விஷத்தை அனுப்பினார்கள். 2005 ஜூன் மாதத்தில் கம்பெனி ஒரு அடைப்பு வேலை செய்தது: வேறொரு கம்ப்யூட்டரில் இருக்கும் சி.எச்.எம். புத்தகத்தை இணைப்பு வழியாகத் திறந்தால் பக்கம் காட்டாது.

நம் பிட்டரின் கேள்விக்கு இதுதான் பதில். புத்தகம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்தது. அவர் ஷெட்டிலிருந்து திறந்தார். பொருளடக்கம் வந்தது, பக்கம் வரவில்லை. அந்தப் பைலை ஷெட்டுக் கம்ப்யூட்டருக்கே பிரதி எடுத்துத் திறந்திருந்தால் வந்திருக்கும். இன்டர்நெட்டிலிருந்தோ கடிதத்திலிருந்தோ இறக்கிய பைலாக இருந்தால், பைலின் மேல் வலது பொத்தானை அமுக்கி, 'ப்ராப்பர்ட்டீஸ்' என்பதைத் திறந்து, அடியில் உள்ள 'அன்பிளாக்' என்ற கட்டத்தில் குறி போடவேண்டும். யந்திரக் கம்பெனி கொடுத்த பைல்தான், நம்பத்தக்கதுதான் என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். தோழர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. ஒரு ஷிப்டுக் கூலி மிஞ்சும்.

ஆனால் இதை அந்த பிட்டருக்கு யார் சொன்னார்கள்? திரையில் வந்த அந்த ஒரு வரி சொல்லிற்றா? இல்லை. பூட்டில் ஓட்டை வைத்தது கம்பெனி. ஓட்டையை அடைக்கிறேன் என்று சாவித்துளையையே அடைத்ததும் கம்பெனி. வாசலில் நின்று தவித்தது தொழிலாளி.

நிற்க. கம்பெனிக்கே இந்தப் பெட்டியில் பற்று இருந்ததா என்றால் அதுவும் இல்லை. 2001ல் இரண்டாவது உதவி வடிவம் என்று ஒன்றை அறிவித்தார்கள். 2003ல், அதைப் பொது உபயோகத்துக்குத் தரப்போவதில்லை என்று கைவிரித்தார்கள். விஸ்டாவின் சொந்தப் புத்தகத்துக்கு வேறொரு வடிவம். அதை வெளியார் பயன்படுத்த வழி இல்லை. 2010ல் சாப்ட்வேர் எழுதுவோருக்காக மற்றொன்று. இருபது வருடத்தில் இத்தனை மாற்றம்! ஒவ்வொரு முறையும், உழைத்து எழுதியவன் மறுபடி உழைக்கவேண்டும். வைத்திருந்தவன் மறுபடி தேடவேண்டும். சி.எச்.எம். எந்த எக்ஸ்ப்ளோரரின் உறுப்புகளை நம்பி நின்றதோ, அந்த எக்ஸ்ப்ளோரருக்கே 2022 ஜூனில் ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

பொருளடக்கத்தில் தமிழ் இல்லை

எல்லாவற்றையும்விட நம்மைச் சுடும் விஷயம் இது.

கம்ப்யூட்டருக்கு எழுத்து என்றால் எண். எந்த எழுத்துக்கு எந்த எண் என்று பட்டியல் வேண்டும். ஆதியில் ஒவ்வொரு மொழிக்கூட்டத்துக்கும் ஒரு சிறு பட்டியலை விண்டோஸில் வைத்திருந்தார்கள். இங்கிலீஷுக்கு ஒன்று, ரஷ்யனுக்கு ஒன்று, ஜப்பானுக்கு ஒன்று, தாய்லாந்து மொழிக்குக்கூட ஒன்று. தமிழுக்கு இல்லை. ஹிந்திக்கும் இல்லை. பிறகு உலக மொழிகள் அனைத்துக்கும் சேர்த்து யூனிகோட் என்ற ஒரே பெரிய பட்டியல் வந்தது. தமிழ் விண்டோஸுக்குள் நுழைந்தது விண்டோஸ் 2000ல். அதுவும் யூனிகோட் என்ற ஒரே வாசல் வழியாகத்தான்.

சி.எச்.எம். என்ன செய்தது? அதன் பொருளடக்கம், சொல்லடைவு, தேடுதல், இந்த மூன்றும் பழைய சிறு பட்டியல்களை வைத்தே வேலை செய்தன. யூனிகோடை அவை ஏற்கவில்லை. பலன்? பக்கத்தின் உள்ளே தமிழில் எழுதலாம். பொருளடக்கத்தில் தமிழ்த் தலைப்பு ஒழுங்காக வராது. சொல்லடைவில் வராது. தமிழ்ச் சொல்லைப் போட்டுத் தேடினால் கிடைக்காது. பொருளடக்கம் இல்லாத தடிப்புத்தகத்தை வைத்துக்கொண்டு நடு ராத்திரியில் ஒரு தொழிலாளி என்ன செய்வான்?

1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, ஆலையில் சட்டப்படி ஒட்டும் அறிவிப்புகள் இங்கிலீஷிலும், தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குப் புரியும் மொழியிலும் இருக்கவேண்டும் என்று விதித்தது. தொழிலாளி வர்க்கம் போராடி வாங்கிய நியாயம் அது. சுவரில் ஒட்டும் காகிதத்துக்கு இருந்த நியாயம், கையை இழுக்கும் யந்திரத்தின் புத்தகத்துக்கு இல்லையா?

"சரி, கம்பெனி செய்யாவிட்டால் தமிழர்கள் யாராவது அதைத் திருத்திக்கொள்ளலாமே" என்று கேட்கலாம். அங்கேதான் பூட்டின் கொடுமை வெட்டவெளிச்சமாகிறது. கம்பெனிக்கு லாபம் இல்லை, எனவே அது திருத்தவில்லை. நமக்கு அதன் உள்ளே கைவைக்க அனுமதி இல்லை, எனவே நாம் திருத்த முடியவில்லை. இதற்கு நேர்மாறாக, லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் ஓடும் கே.டி.இ., ஜினோம் ஆகிய சாப்ட்வேர்களைப் பாருங்கள். அவற்றின் மூலம் பகிரங்கமாகக் கிடக்கிறது. பல நாடுகளில் பரவிக்கிடக்கும் தமிழ்த் தொண்டர்கள், சம்பளம் வாங்காமல், யாரிடமும் அனுமதிச் சீட்டு கேட்காமல், உட்கார்ந்து தமிழாக்கினார்கள். கோடி கோடியாக லாபம் குவித்த கம்பெனி ஒரு பொருளடக்கத்தில் செய்யாததை, கூலி இல்லாத உழைப்பு செய்து காட்டியது.

பூட்டைத் திறந்தவர்கள்

இந்தப் பெட்டியையும் அப்படிப்பட்ட உழைப்புத்தான் கடைசியில் திறந்தது. பல நாட்டு நிரலாளர்கள் இந்தப் பைல்களை எடுத்துவைத்துக்கொண்டு, எண் எண்ணாகப் பார்த்து, இது தலைப்பு, இது பட்டியல், இது சுருக்கிய எழுத்து என்று கண்டுபிடித்து, அந்த இலக்கணத்தை எழுதி எல்லாருக்கும் கொடுத்தார்கள். அந்த ஆதாரத்தில் 'சி.எச்.எம்.லிப்', 'லிப்-எம்.எஸ்.பேக்' போன்ற கருவிகள் பிறந்தன. இன்று லினக்ஸில் 'எக்ஸ்-சி.எச்.எம்.', 'ஓகுலர்' போன்ற சாப்ட்வேர்கள் காசில்லாமல் இந்தப் புத்தகங்களைத் திறந்து காட்டுகின்றன.

"அடுத்தவன் பூட்டைத் திறப்பது திருட்டு அல்லவா?" என்று சில சட்டப்புலிகள் கேட்கக்கூடும். அவர்களுக்கு நம் நாட்டுச் சட்டத்தையே காட்டலாம். 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1999ல் ஒரு திருத்தம் சேர்த்தார்கள். ஒரு சாப்ட்வேரோடு நம் சாப்ட்வேர் ஒத்து இயங்குவதற்கு அவசியமான விவரம் வேறு வழியில் சுலபமாகக் கிடைக்காவிட்டால், அதை நியாயமாக வைத்திருப்பவர் ஆராய்ந்து எடுத்துக்கொள்ளலாம் என்று 52ஆம் பிரிவில் இருக்கிறது.

வற்புறுத்தினால் பூட்டு திறக்கும் என்பதற்கும் ருசு உண்டு. மற்றவர் சாப்ட்வேரோடு ஒத்து இயங்கும் விவரங்களை மறைத்ததற்காகவும், பாட்டும் படமும் காட்டும் தன் சாப்ட்வேரை விண்டோஸோடு கட்டித் திணித்ததற்காகவும், 2004 மார்ச்சில் ஐரோப்பிய கமிஷன் மைக்ரோசாப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் போட்டது. விவரத்தை வெளியிடு என்று உத்தரவும் இட்டது. 2007 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2008 பிப்ரவரியில் கம்பெனி தன்னுடைய பழைய வேர்ட், எக்ஸெல் பைல்களின் இலக்கணத்தை வெளியிட்டது. அதுவரை ரகசியம், ரகசியம் என்று பொத்தி வைத்தார்களே, வெளியிட்டதால் வானம் இடிந்து விழுந்ததா? விழவில்லை.

அவர்கள் சொல்லும் சமாதானம்

"புத்தகம் கட்டும் கருவியை கம்பெனி இனாமாகத்தானே கொடுத்தது?" என்பார்கள். மெய்தான். காசு வாங்கவில்லை. நம்மூர்ப் பண்ணையாரும் முன்பணத்தைச் சிரித்த முகத்தோடுதான் கொடுப்பார். வாங்கியவன் வேறு பண்ணையில் கூலிக்குப் போக முடியாது என்பது பிறகுதான் தெரியும்.

"விண்டோஸ் உள்ளவர்கள் பக்கங்களை வெளியே எடுக்கலாமே, அதற்குக் கட்டளை இருக்கிறதே?" என்பார்கள். அதுவும் மெய். ஆனால் பூட்டுக்கடைக்காரனிடமே சாவியும் வாங்கவேண்டும் என்பதற்குப் பெயர்தான் ஏகபோகம்.

"அது பழைய கதை, இப்போது எல்லாப் புத்தகமும் இன்டர்நெட்டிலேயே இருக்கிறது" என்பதுதான் கடைசிச் சமாதானம். இதைத்தான் நாம் மிகவும் ஜாக்கிரதையாகப் பார்க்கவேண்டும். முன்பு பூட்டிய பெட்டியாவது நம் ஷெட்டில் இருந்தது. இப்போது புத்தகம் கம்பெனியின் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. பல கம்பெனிகள் பெயரும் ரகசியச் சொல்லும் கேட்கின்றன. வருடச் சந்தா கேட்கின்றன. சந்தா நின்றால் புத்தகம் மூடிக்கொள்ளும். கம்பெனி கைமாறினால் புத்தகம் மறையும். பூட்டு போகவில்லை, தோழர்களே. பெட்டியோடு சேர்த்து அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறது.

வயல்காட்டுக்கும் இது வந்துவிட்டது. அமெரிக்காவில் ஜான் டீர் கம்பெனியின் டிராக்டர் பழுதானால், கோளாறைக் கண்டறியும் முழுச் சாப்ட்வேர் கம்பெனியின் ஏஜெண்டுகளிடம்தான் இருக்கும், விவசாயிக்குக் கிடைக்காது. அறுவடை நேரத்தில் ஏஜெண்டு வரும்வரை வரப்பில் காத்திருக்கவேண்டும். இதற்காக 2025 ஜனவரியில் அந்நாட்டு சர்க்காரின் வர்த்தக கமிஷனும் இரண்டு மாநிலங்களும் அக்கம்பெனியின் மேல் வழக்குத் தொடுத்தன. முதலாளித்துவத்தின் தாய்வீட்டிலேயே இந்தக் கதி.

மார்க்ஸ் 1867ல் வெளியிட்ட 'மூலதனம்' முதல் பாகத்தில் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டுகிறார். பதினெட்டாம் நூற்றாண்டுவரை ஐரோப்பாவில் ஒவ்வொரு கைத்தொழிலுக்கும் 'மர்மம்' என்றே பெயர். அந்தத் தொழில் சங்கத்துக்குள் சேர்ந்தவனுக்குத்தான் அதன் நுணுக்கம் தெரியும். பெரும் யந்திரத் தொழில் வந்துதான் அந்தத் திரையைக் கிழித்தது என்கிறார். முதலாளித்துவம் இளமையில் கிழித்த திரையை, கிழப்பருவத்தில் அதுவே தைத்து மாட்டுகிறது. யந்திரத்தை விற்கும், யந்திரத்தின் அறிவை விற்காது. அறிவு தொழிலாளியின் கைக்கு வந்துவிட்டால், இன்ஜினியரை அனுப்பிப் பில் போடுவது எப்படி?

நாம் கேட்பது என்ன?

1984ல் போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கான மக்கள் மாண்டார்கள். தங்களைக் கொல்லக்கூடிய வாயு எது என்ற விவரம்கூட அந்த மக்களுக்குச் சொல்லப்பட்டிருக்கவில்லை. அந்தப் பேரழிவுக்குப் பிறகு, 1987ல் தொழிற்சாலைச் சட்டத்தில் 111-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வேலையில் தன் பாதுகாப்பையும் உடல்நலத்தையும் பற்றிய விவரத்தைக் கேட்டுப் பெறும் உரிமையை அது தொழிலாளிக்குக் கொடுத்தது. அந்தச் சட்டத்தை 2020ஆம் வருடத் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைத்து, 2025 நவம்பர் 21ந் தேதி அமலாக்கிவிட்டார்கள். தொகுப்புச் சட்டங்களை நாம் எதிர்க்கிறோம். என்றாலும் இந்த உரிமை அதிலும் எழுத்தில் நிற்கிறது. எழுத்தில் நிற்பதைக் கையில் வாங்கவேண்டும். யந்திரத்தின் புத்தகம், பாதுகாப்பு விவரம் இல்லாமல் வேறு என்ன? எந்தப் பொத்தான் யந்திரத்தை நிறுத்தும், எந்த மூடியைத் திறக்கும் முன் மின்சாரத்தைத் துண்டிக்கவேண்டும் என்பதெல்லாம் அதில்தானே இருக்கிறது?

ஆகவே சங்கங்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் இவற்றைச் சேர்க்கவேண்டும்:

1. புதிய யந்திரமோ கம்ப்யூட்டரோ ஆலைக்குள் வந்தால், அதன் முழுப் புத்தகமும் அச்சிட்ட பிரதியாக ஒன்று ஷெட்டிலேயே இருக்கவேண்டும். மேனேஜர் அறையில் அல்ல.

2. கம்ப்யூட்டரில் தரும் பிரதி, இலக்கணம் பகிரங்கமாக வெளியிடப்பட்ட வடிவத்தில் இருக்கவேண்டும். எந்தக் கம்ப்யூட்டரிலும், தொழிலாளியின் கையிலுள்ள போனிலும், இன்டர்நெட் இல்லாமல் திறக்கவேண்டும்.

3. பாதுகாப்புப் பகுதிகள் தமிழில் இருக்கவேண்டும். பொருளடக்கமும் சொல்லடைவும் தமிழில் இருக்கவேண்டும்.

4. சர்க்கார் மக்கள் பணத்தில் வாங்கும் எந்தச் சாப்ட்வேருக்கும் யந்திரத்துக்கும் இதே நிபந்தனையை டெண்டரிலேயே எழுதவேண்டும். பூட்டிய புத்தகம் கொடுப்பவனுக்கு மக்கள் பணம் இல்லை.

5. பழைய சி.டி.க்களில் கிடக்கும் எச்.எல்.பி., சி.எச்.எம். புத்தகங்களை, அவை இன்னும் திறக்கும்போதே, திறந்த வடிவத்துக்கு மாற்றி வைக்கும் பொறுப்பு நிர்வாகத்தைச் சேர்ந்தது.

இது பெரிய கோரிக்கையா? கூலி உயர்வு, போனஸ், வேலைப்பளு என்று எத்தனையோ தலைபோகிற பிரச்சினை இருக்கும்போது ஒரு புத்தகத்துக்காக மன்றாடுவதா என்று சில தோழர்கள் நினைக்கலாம். அந்த இரவை நினைத்துப் பாருங்கள். யந்திரம் நின்றது, தொழிலாளிக்குக் கை இருந்தது, திறமை இருந்தது, ஸ்பானர் இருந்தது. இல்லாமல் போனது ஒரு பக்கம் எழுத்து. அந்த எழுத்து இல்லாததால் கூலி போயிற்று. நாளைக்கு, நிறுத்தும் பொத்தான் எது என்ற எழுத்து இல்லாமல் போனால் கை போகும்.

யந்திரத்தை ஓட்டுகிறவனுக்கே அதன் புத்தகம் சொந்தம். மண்வெட்டி பிடிக்கிறவனுக்கு அதன் பிடி சொந்தம் என்பதுபோல் எளிய நியாயம் இது. அடுத்த யந்திரம் லாரியிலிருந்து இறங்கும் நாளில், தோழர்களே, முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: "புத்தகம் எங்கே? எங்கள் முன்னால் திறந்து காட்டுங்கள்!"